டோம்கேட் 9ஆ, 10ஆ? கொஞ்சம் கைகொடுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் சந்தா, உபயக் கணக்கெல்லாம் ஒரு பழைய ஜாவா வெப் புரோகிராமில்தான். எழுதிக் கொடுத்த தம்பி சிங்கப்பூர் போய்விட்டார். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, புதியதில் உபுண்டு 24.04, ஓபன்ஜேடிகே 17 (ஜாவாதான்), டோம்கேட் 10.1 (ஜாவா வெப் புரோகிராமை ஓட்டும் சர்வர்) போட்டேன்.

கையால் ஸ்டார்ட் செய்தால் எழும். கரண்ட் போய் வந்தால் ஜாவா_ஹோம் (ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் செட்டிங்) இல்லை என்று படுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எழும்போது சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி, நாம் செட்டிங் எழுதிவைக்கும் பாஷ்ஆர்சி கோப்பைத் திரும்பியும் பார்க்காதாம்! சர்வீஸ் கோப்பிலேயே என்விரான்மென்ட் வரி எழுதியதும் சரியானது.

இப்போது 8080 போர்ட்டில் டோம்கேட் முகப்பு வருகிறது, நம் புரோகிராம் மட்டும் 404 (பக்கம் இல்லை). லாகில் 'ஜாவாக்ஸ் சர்வ்லெட்' கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது. டோம்கேட் 10இலிருந்து அந்தப் பெயரெல்லாம் 'ஜகார்த்தா' ஆகிவிட்டது, தெரியும். வார் கோப்பை (நம் புரோகிராம் மொத்தமும் அடங்கிய கோப்பு) 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' ஃபோல்டரில் போட்டால் டோம்கேட் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் ரசீது அச்சடிக்கும் பழைய ஜார்கள் (ஜாவா லைப்ரரி கோப்புகள்) தாங்குமா? யாராவது செய்து பார்த்ததுண்டா? இல்லை, பேசாமல் டோம்கேட் 9க்கே இறங்கிவிடலாமா? அதுவும் ஜாவா 17இல் ஓடும்தான், ஆனால் எத்தனை நாளைக்கு?

ஆடித் திருவிழா உபயம் எழுத ஆள்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டுமானால் டோம்கேட்டின் கேட்டலினா லாகை கமெண்டில் ஒட்டுகிறேன்.