கிறிஸ்டினைத் தண்டிப்பது யார்?

முல்லைவனம்:
நார்வே எழுத்தாளர் சிக்ரிட் உன்செட் 1920 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒரு பாகமாக வெளியிட்ட 'கிறிஸ்டின் லாவ்ரான்ஸ்டாட்டர்' நாவல் வரிசையை முடித்துவிட்டேன். பதினான்காம் நூற்றாண்டு நார்வேயின் பண்ணை வாழ்வை நுணுக்கமாகக் காட்டுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தந்தை நிச்சயித்த சீமோனை விட்டு, பிறன் மனைவியோடு வாழ்ந்து இரு பிள்ளைகளுக்குத் தகப்பனாகியிருந்த எர்லெண்டைக் கைப்பிடித்த குற்றத்துக்காகக் கிறிஸ்டினை மூன்று பாகங்களிலும் வருத்தி, இறுதியில் கன்னிமடத்தில் சேர்த்து, 1349ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பலி கொடுக்கிறார் ஆசிரியர். சாகும் தறுவாயில், கழற்றிய மணமோதிரம் விரலில் விட்ட தடத்தில் மரியன்னையின் பெயரெழுத்தை அவள் காண்கிறாள். இது நாவலா, பிரசங்கமா?

கடலோரம்:
முதல் பாகத்தின் கடைசிக் காட்சியைத் தாங்கள் விரைந்து கடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மகளின் திருமண இரவில், ராக்ன்ஃபிரிட் தன் கணவர் லாவ்ரான்ஸிடம், தானும் கன்னியாக அவர் வீட்டுக்கு வரவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு சொல்கிறாள். ஊர் போற்றும் அந்தப் பக்திமான் தன்னோடு வாழ்ந்தவளின் மனத்தை அறியாமலே காலம் கழித்திருக்கிறார். பெற்றோர் சொற்படி மணந்த ராக்ன்ஃபிரிட்டுக்கும் நிம்மதியில்லை, கடமை தவறாத சீமோனுக்கும் கிறிஸ்டின்மீதான ஆசை சாகும்வரை தீரவில்லை. கீழ்ப்படிந்தவர்களுக்கே பரிசு கிடைக்காத கதையைப் பிரசங்கம் என்று எப்படிச் சொல்வது?

முல்லைவனம்:
கைக்குழந்தையைச் சுமந்து நிடாரோஸுக்கு (இன்றைய டிரான்ட்ஹைம்) வெறுங்காலோடு நடந்து, கன்னியர்க்கே உரியதைத் தகுதியின்றிச் சூடிய மணமுடியைப் புனித ஓலாவின் சன்னிதியில் அவள் ஒப்படைப்பதை என்னவென்பீர்கள்? ஆசிரியர் 1924இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பதையும் மறக்க இயலாது.

கடலோரம்:
அக்கால நார்வேயில் கத்தோலிக்கத்துக்கு வெளியே நின்று ஒருத்தி தன் மனச்சாட்சியோடு பேச வேறு மொழி இருந்ததா? குற்றவுணர்வை நீக்கியிருந்தால், 1920இன் கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) நகரத்துப் பெண்ணுக்குப் பழங்கால உடை மாட்டியதாகவே முடிந்திருக்கும். (சரித்திர நாவல் என்ற பெயரில் அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.) மேலும், மனைவிமீது சுமத்தப்பட்ட அவதூறை எதிர்த்துக் காயம்பட்ட எர்லெண்ட், பாதிரியாரின் இறுதிச் சடங்கை மறுத்தே இறக்கிறான். பிரசங்கி ஒருவர் எழுதியிருந்தால் அந்தச் சாவுக்கு அவ்வளவு கம்பீரம் கொடுத்திருப்பாரா?

பழைய ஏடு:
ஒரு கேள்வி: முல்லைவனம் அவர்கள் படித்தது எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு? 1920களில் வந்த ஆர்ச்சர் மொழிபெயர்ப்பு, மூலத்தில் இல்லாத அளவுக்குப் பழைய விவிலிய நடையைப் பூசியது. சில பகுதிகளை விட்டும்விட்டது. டீனா நன்னலி 1997 முதல் 2000 வரை வெளியிட்டது எளிய நடையில் அமைந்தது, விடுபட்டவற்றையும் மீட்டுத் தந்தது.

முல்லைவனம்:
பழையதைத்தான் படித்தேன். எர்லெண்டின் மரணம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன்; எனினும் எந்த மொழிபெயர்ப்பிலும் அந்த மோதிரத் தடம் அழிவதில்லையே?

கடலோரம்:
அழியவில்லை, ஆனால் அது எர்லெண்ட் அணிவித்த மோதிரம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த பிறகும் அந்தத் திருமணத்தின் அச்சு அவள் விரலில் இருக்கிறது.