மறு: [கலைச்சொல்] நியூரோஃப் ஸ்ரூடியோ: படையா, அடுக்கா?

எல்லோருக்கும் வணக்கம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக முதலில் இரண்டு வரி. நியூரோஃப் என்பது ஜாவா நிரல்மொழியில் எழுதிய, திறந்த மூல நரம்பு வலையமைப்பு நூலகம். நரம்பு வலையமைப்பு என்றால் மூளையின் நரம்புக்கலங்களைப் பார்த்துச் செய்த, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கிற கணிப்பு முறை. அதன் ஸ்ரூடியோ நெற்பீன்ஸ் தளத்தின் மேல் கட்டப்பட்ட மேசைக்கணினி மென்பொருள். நிரல் ஒரு வரியும் எழுதாமல் வலையமைப்பைக் கட்டலாம், அதன் நரம்புக்கலங்களை வட்டமாகவும் இணைப்புகளைக் கோடாகவும் பார்க்கலாம், பயிற்றும்போது பிழை இறங்குவதை வளைகோட்டில் கவனிக்கலாம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் கொடுப்போம் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினோம்.

மெனுவைத் தமிழாக்க இதுவரை வந்த சொற்களை எல்லாரும் அட்டவணையாகவே அனுப்பியிருக்கிறீர்கள். அட்டவணையில் எந்தச் சொல்லும் அழகாகத்தான் இருக்கும். அதனால் நான் அவற்றைத் திரையில் ஏற்றிப் பார்த்தேன். பொத்தானில் வினையோடு சேர்ந்து நிற்கும்போது சில சொற்களின் குணமே மாறிவிடுகிறது. முதலில் ‘லேயர்’, அதாவது ஒரே நிரையில் நிற்கிற நரம்புக்கலங்களின் தொகுதி. அதற்குப் ‘படை’தான் வேண்டும் என்று ஓர் அண்ணா எழுதியிருந்தார்:

> பாடப்புத்தகத்தில் ஓசோன் படை என்றுதானே இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

அண்ணா, உங்கள் நியாயம் சரிதான். எங்கள் பாடப்புத்தகச் சொல்லே முதல் தெரிவாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மெனுவில் என்ன வருகிறது என்று பாருங்கள்: ‘படை சேர்’, ‘மறைபடை’, ‘படைகளின் எண்ணிக்கை’, ‘படையைப் பயிற்று’. இந்த நான்கும் ஒரே திரையில், அதுவும் யாழ்ப்பாணத்தில்! பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அம்மா என்ன நினைப்பார்? வகுப்பு சிரித்து முடியவே பாதி நேரம் போய்விடும். சிலர் சிரிக்கவும் மாட்டார்கள். ஓசோன் படையை யாரும் சேர்ப்பதுமில்லை, பயிற்றுவதுமில்லை. அதனால் அங்கே சிக்கல் இல்லை. இங்கே ‘அடுக்கு’ என்றே போடுவோம். சென்னையிலிருந்து எழுதிய அக்கா, உங்கள் ஊர்க் கணிதத்தில் அடுக்கு என்றால் நாங்கள் சுட்டி என்று சொல்வது (எண்ணின் தலையில் சிறிதாக எழுதுவது) என்பது தெரியும். ஆனாலும் வட்டங்கள் நிரை நிரையாக நிற்கிற படத்துக்குப் பக்கத்தில் அந்தக் குழப்பம் வராது.

அடுத்தது, ‘ஹிடன் லேயர்’ என்பதற்கு வந்த ‘மறை அடுக்கு’. தமிழ்நாட்டிலிருந்து எழுதியவர்கள் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டிருந்தீர்கள். எங்கள் கணிதத்தில் நேர், மறை என்றால் உங்களுடைய மிகை, குறை. மறை எண் பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண். ஆகவே மறை அடுக்கு என்று வாசிக்கிற பிள்ளை, உள்ளே இருப்பதெல்லாம் மறைப் பெறுமானம் என்றுதான் எடுக்கும். ‘மறைந்த அடுக்கு’ என்று திருத்தலாம் என்றால் அது அஞ்சலிப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் நிற்பது என்பதால் ‘இடையடுக்கு’ என்பது என் தெரிவு. ஒளிந்திருக்கிறது என்ற பொருள் போய்விடுகிறது, உண்மை. ஆனால் இந்த மென்பொருளில் அந்த அடுக்கு கண் முன்னால் விரிந்தே கிடக்கிறது, ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு வலுவானது என்று காட்டுகிற எண்ணுக்கு, அதாவது ‘வெயிற்’றுக்கு, எடையா நிறையா என்பதுதான் உண்மையான வில்லங்கம். இலங்கையில் திணிவு, நிறை. தமிழ்நாட்டில் அதே இரண்டும் நிறை, எடை. ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடந்ததும் வேறு பொருளாகிவிடுகிறது. ‘நிறை’ என்று போட்டால் அக்கரையில் அதை எங்கள் திணிவாக வாசிப்பார்கள். ‘எடை’ என்று போட்டால் இரு கரையிலும் ஒரே பொருள்தான், ஆனால் எங்கள் பௌதிகப் புத்தகத்தோடு ஒட்டாது. இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் 1 தருகிற எக்ஸ்ஓஆர் படலையை (தருக்கச் சுற்றை) எடுத்துப் பாருங்கள். 2 உள்ளீடு, இடையடுக்கில் 3, வெளியீடு 1. உண்மை அட்டவணையின் நாலு வரிகளையும் கொடுத்து, அதிகூடிய பிழை 0.01 என்று வைத்துப் பயிற்றினால், கோடுகளில் சில எண்கள் மறையாக வந்து நிற்கும். கடையில் நிறுக்கிற எந்தச் சாமானும் அப்படி வராது. ஆகவே எதைப் போட்டாலும் ஆசிரியர் ஒருதரம் விளக்கத்தான் வேண்டும். என் வாக்கு ‘எடை’க்கு. (இடையடுக்கு இல்லாத பெர்செப்ட்ரோன் என்ற எளிய வலையமைப்பால் இந்தப் படலையைச் செய்ய முடியாது என்று மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் 1969இல் காட்டியதையும் அதே பாடத்தில் சொல்லிவிடலாம்.)

நிறைதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கும் வழி உண்டு. ஜாவாவில் பொதுத் தமிழுக்கு ஒரு கோப்பு வைத்து, இலங்கைத் தமிழுக்கு அதன் மேல் சிறிய கோப்பொன்று வைக்கலாம். வேறுபடுகிற சொற்களை மட்டும் சிறிய கோப்பில் எழுதினால் போதும், மற்றவை தானாகப் பொதுக்கோப்பிலிருந்து வரும். ஆனால் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கை தூக்குங்கள், பார்ப்போம்.

பிழை இறங்குவதைக் காட்டுகிற வளைகோட்டுக்கு வந்த ‘வழு வரைபு’ எங்களுக்கு நல்லாகவே விளங்கும். ஆனால் தமிழ் மென்பொருள்காரர்களிடையே வழு என்றால் நிரலில் உள்ள கோளாறு. ஆகவே ‘பிழை வரைபு’. பயிற்சியின் போக்கை ஆளுகிற உந்தம், கற்றல் வீதம் இரண்டிலும் யாரும் முரண்படவில்லை, அப்படியே விடுவோம்.

‘பயஸ்’ என்ற சொல்லுக்காக ‘பக்கச்சார்பு நரம்புக்கலங்களைப் பயன்படுத்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்தித்தாளில் பக்கச்சார்பு என்றால் நீதி தவறுவது. போதாததற்குப் பக்கத்துப் பெட்டியிலேயே சிக்மொயிட் ‘சார்பு’ நிற்கிறது; அங்கே சார்பு என்பது கணிதச் சார்பு. அந்த வட்டம் செய்வது என்ன? எந்த உள்ளீடு வந்தாலும் 1ஐயே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் ‘மாறிலிக் கலம்’ என்று சொல்லிவிடலாமே.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நாங்கள் ஒரு மெனுவுக்கு இவ்வளவு இழுபடுகிறோமே என்று ஒரு தம்பி சலித்துக்கொண்டிருந்தார். தம்பி, அவரும் சொற்களோடு மல்லுக்கட்டியவர்தான். சொற்றொகுதிகளை அச்சிட்டே கொடுத்தவர்.

கடைசியாக, ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரின் 1986 கட்டுரையால் பேர்பெற்ற அந்தக் கற்றல் விதி: வெளியீட்டில் வந்த பிழையைப் பின்னோக்கி அனுப்பி எண்களைத் திருத்துவது. ‘பின்பரப்பல்’ என்று போட்டிருக்கிறீர்கள். பெட்டிக்குள் இடம் போதவில்லை என்று யாரோ அதை ‘பின்பரப்பு’ ஆக்கியிருக்கிறார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று காணி அளக்கிற ஊரில் அது வீட்டுக்குப் பின்னால் விலைக்கு வந்த நிலம். பின்னால் போவது பிழைதான் என்பதால் ‘பிழை பின்செலுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் இன்னும் நீளம், பெட்டியை விட்டு வெளியே வழிகிறது. இதைவிடக் குட்டையான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பொத்தானில் ஏற்றி எடுத்த திரையின் படத்தோடு அனுப்பினால் நல்லது. மற்றச் சொற்களை இந்தக் கிழமையே கோப்பில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து