மே வெயிலில் மாடியில் மக்கும் உரம்: டிரம் நாறுகிறது, புழு வைக்கிறது, உரம் போட்ட செடி மஞ்சளாகிறது

காட்பாடி_மாடி:

வணக்கம். வேலூர், மொட்டை மாடி, பிற்பகல் முழுக்க மேற்கு வெயில். 60 லிட்டர் நீல டிரம்மில் பக்கவாட்டில் மட்டும் 10 மி.மீ. துளைகள். தினம் ஒரு கிலோ போல சமையலறைக் கழிவு விழுகிறது: காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல், மிஞ்சிய சோறு, குழம்பு. மேலே ஒரு கைப்பிடி கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) தூவி மூடிவிடுகிறேன். இரண்டு மாதம் ஆகிறது. மேல் அரையடி மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது, அடியில் கூழும் அழுகிய முட்டை நாற்றமும். நடுவில் தட்டையான சாம்பல் நிறப் புழுக்கள் கும்பலாக நெளிகின்றன.

அடியில் கறுப்பாக இருந்ததை எடுத்து கத்தரி, தக்காளித் தொட்டிகளில் இரண்டிரண்டு கைப்பிடி கலந்தேன். பத்து நாளில் அடி இலை மஞ்சள், சில இலைகளில் ஓரக் கருகலும் உண்டு. தப்பு எங்கே? இந்த வெயிலில் பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்ந்த கரைசல்) தெளிக்கலாமா? மண்புழு வாங்கி டிரம்மில் விட்டால் சரியாகுமா?

சருகுக்கூடை:

தப்பு அந்த ஒரு கைப்பிடியில்தான். காய்கறிக் கழிவில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைக் குடிக்கவும், நுண்ணுயிருக்குக் கரியை (கார்பனை) கொடுக்கவும், இடையில் காற்று போக வழி விடவும் காய்ந்த பொருள் வேண்டும். கரி-தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதம் 25 அல்லது 30-க்கு 1 என்று வரவேண்டும். சமையலறைக் கழிவு தனியாக 15 அல்லது 20-க்கு 1-தான் இருக்கும். தராசெல்லாம் தேவையில்லை, கொள்ளளவில் கணக்கு வையுங்கள்: ஒரு கிண்ணம் கழிவுக்கு நொறுக்கிய சருகு இரண்டு கிண்ணம். சருகு கிடைக்காமல் கோகோபீட் மட்டும் என்றால் கிண்ணத்துக்குக் கிண்ணம், ஆனால் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே அமுங்கிவிடும், காற்று போகாது. பாதிக்குப் பாதி சருகு கலந்தால்தான் உருப்படும்.

இப்போது உள்ளதைச் சரிசெய்ய, டிரம்மை ஒரு சாக்கின் மேல் கவிழ்த்துக் கொட்டுங்கள். மேலே காய்ந்ததையும் அடிக் கூழையும் கலந்து, கூழின் அளவுக்கு இரண்டு மடங்கு சருகு சேருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு. பிடி உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் தெளிக்கலாம். டிரம்மின் அடியில் நாலைந்து துளை போட்டு, மூன்று அங்குலத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு அல்லது செங்கல் ஜல்லி பரப்புங்கள். நடுவில் துளையிட்ட 2 அங்குல பிவிசி பைப் ஒன்றை நிற்க வைத்து, அதைச் சுற்றி நிரப்புங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். மூக்கை எரிக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்துள்ள பச்சைக் கழிவு அதிகம். இரண்டுக்கும் மருந்து சருகுதான், முதலாவதுக்குக் கிளறலும் சேர்த்து. நாற்றம் போக வெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். சர்க்கரை கிடைத்ததும் நுண்ணுயிர் பெருகி மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும், நாற்றம் இரட்டிப்பாகும்.

வெயிலைப் பொறுத்தவரை, மொட்டை மாடித் தளத்தில் டிரம்மை நேராக வைக்காதீர்கள். நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மேலே 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை). உள்ளே மேல்மட்டத்தில் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால் மேல் அரையடி காய்வது நின்றுவிடும். பிளாஸ்டிக் சுவர் சுடுவதைப் பார்த்து "உரம் சூடேறிவிட்டது" என்று நம்பிவிட வேண்டாம். களை விதையும் நோய்க்கிருமியும் சாக 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். அதற்கு ஒரு கன மீட்டர் குவியல் தேவை. 60 லிட்டரில் அந்தச் சூடு நிலைக்காது. அதனால்தான் டிரம் உரம் போட்ட தொட்டியிலெல்லாம் தக்காளி, பூசணி தானாக முளைக்கிறது. நோய் வந்த செடியை டிரம்மில் போடாதீர்கள்.

அந்தத் தட்டைப் புழுக்கள் பிஎஸ்எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) எனப்படும் கறுப்பு ஈயின் புழுக்கள். செடியைத் தொடாது, கழிவை வேகமாகத் தின்னும். ஈரம் குறைந்தால் தானாகக் குறையும். விரல் தடிமனில் வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, 'சி' வடிவில் சுருண்டு கிடப்பது வேறு: காண்டாமிருக வண்டின் புழு. பக்கத்தில் தென்னை இருந்தால் அதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வேப்பங்கொட்டை:

செடி விஷயம். கறுப்பாக இருந்தால் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றில்லாமல் அழுகியதும் கறுப்பாகத்தான் இருக்கும். அரைகுறை உரத்தை மண்ணில் கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அழுகலில் உண்டான அமிலங்கள் வேரைச் சுடும். அடி இலை மஞ்சள் அதனால். ஓரக் கருகல் வேறு கதை, அது குழம்பு உப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தண்ணீர் போர் தண்ணீராக இருந்து தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால், அந்த உப்பும் சேர்ந்திருக்கும். குழம்பு, ஊறுகாய், அப்பளம் டிரம்முக்குள் போகக் கூடாது. மிஞ்சிய சோற்றை மட்டும் ஒரு அலசு அலசிப் பிழிந்து போடலாம்.

தொட்டிகளில் மேலே கலந்ததைச் சுரண்டி எடுத்து டிரம்மிலேயே திரும்பப் போடுங்கள். காலை வேளையில் நல்ல தண்ணீரை நிதானமாக, அடித்துளை வழியே தாராளமாக வடியும் வரை ஊற்றுங்கள். மூன்று நாள் கழித்து கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை ஒரு லிட்டரில் இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து தொட்டிக்கு 200 மில்லி. புண்ணாக்கைக் கட்டியாக அப்படியே மண்மேல் போட்டால் பூஞ்சை, எறும்பு, எலி எல்லாம் வரும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் தளிரின் நிறத்தைப் பாருங்கள்.

அடுத்த முறை உரம் எடுக்கும்போது ஒரு சோதனை. ஈரமான உரத்தை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்ததும் மழை மண் வாசம் வந்தால் தயார். புளிப்போ சாக்கடை நெடியோ வந்தால் இன்னும் ஒரு மாதம். சந்தேகமிருந்தால் கடுகு 20 விதை உரம் கலந்த மண்ணிலும், 20 விதை வெறும் மண்ணிலும் விதைத்துப் பாருங்கள். வெந்தயம் வேண்டாம், அது எதிலும் முளைக்கும். தயாரான உரத்தை 5 மி.மீ. சல்லடையில் சலித்து, தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள்.

டிரம் இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பும்போது, மற்றது மூடி மக்கி ஆறட்டும். ஒரே டிரம்மில் தினமும் மேலே போட்டுக்கொண்டு அடியில் எடுத்தால் என்றைக்கும் அரைகுறைதான்.

கொடுமுடி_வண்டல்:

பஞ்சகவ்யா தெளிக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். வேர் அடிபட்ட செடிக்கு அது மருந்தில்லை, புதுத் தளிர் வந்த பிறகு கொடுங்கள். எங்களூர் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய அளவு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. துணியில் இரண்டு தடவை வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயர் முனை அடைத்துக்கொள்ளும். மாலை ஐந்துக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது தெளியுங்கள். வளர்ச்சியைத் தூண்டுவது அதன் வேலை. அதில் உள்ள தழைச்சத்து சொற்பம், புண்ணாக்குக்கும் தொழு உரத்துக்கும் மாற்றாக நினைத்தால் ஏமாற்றம்தான்.

மண்புழு இப்போது வேண்டவே வேண்டாம். 35 டிகிரி தாண்டினால் கடைகளில் கிடைக்கும் ஆப்பிரிக்க இரகமும் சிவப்புப் புழுவும் செத்துப்போகும் அல்லது ஏறி ஓடும். மழை வந்து மாடி குளிர்ந்ததும், டிரம்மில் பாதி மக்கியதை மண் தொட்டிக்கு மாற்றி, நிழலில் வைத்து, அதில் மண்புழுவை விடுங்கள். பச்சைக் கழிவில் நேராக விட்டால் அந்தச் சூட்டிலேயே சாகும்.

கோகோபீட் பற்றி சருகுக்கூடை சொன்னதோடு இன்னொன்று. நார்க்கழிவின் கரி-தழைச்சத்து விகிதம் 112-க்கு 1. கோவை வேளாண் பல்கலைக்கழக முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்கவைத்தால்தான் 24-க்கு 1 என்று இறங்கும். டிரம்மில் போடும் மக்கவைக்காத கோகோபீட் எளிதில் மக்காது, உரத்தில் அப்படியே நிற்கும். கழுவாத கட்டியாக இருந்தால் அதிலும் உப்பு.

காட்பாடி_மாடி:

நன்றி. குழம்பு போடுவதை நிறுத்திவிடுகிறேன். சருகுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் மரமே இல்லை.

சருகுக்கூடை:

வேம்பு மாசி, பங்குனியில் கொட்டும், அடுத்த வருஷம் நாலு சாக்கு சேர்த்து வைத்துவிடுங்கள். இப்போதைக்கு முட்டை அட்டையும் பழுப்பு அட்டைப்பெட்டியும் கிழித்துப் போடலாம், டேப்பை உரித்துவிட்டு. கரும்பு ஜூஸ் கடையில் சக்கை சும்மாவே தருவார்கள். இரண்டு நாள் மாடியில் நன்றாகக் காயவைத்து, இரண்டு அங்குலமாக நறுக்கிப் போடுங்கள். ஈரமாகப் போட்டால் எறும்பும் புளிப்பும். மரத்தூள் என்றால் பிளைவுட் அறுத்த தூள் கூடாது, பசை கலந்திருக்கும். மாமர இலை கிடைத்தால் காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள், முழு இலை ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடு போல் ஒட்டிக் காற்றை அடைக்கும்.

ஜூன் பிறந்தால் உங்கள் பக்கம் சாயங்கால மழை வந்துவிடும். ஷேட் நெட் மழையைத் தடுக்காது, டிரம் மூடியில் துளை ஏதாவது இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள்.