மறு: 'ஊடுருவா மூளை மின்தூண்டல்' சரிதானா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து என் பங்குக்கு. இங்கே ஒரு மனநல மருத்துவருக்காக, நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும் இரண்டு பக்கத் தாளைத் தமிழாக்கப் போய்த்தான் இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அறுவை இல்லாமல், தலைக்கு வெளியிலிருந்தே மூளைக்குக் கொஞ்சம் மின்சாரம் செலுத்தும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம், 'ஊடுருவா மூளை மின்தூண்டல்' சரிதானா என்பதுதானே நம் குழுவில் ஓடும் கேள்வி.

ஆங்கில 'non-invasive'-க்கு 'ஊடுருவா' என்பதற்கு நிறையப் பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து இரண்டு மின்முனைகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 20, 30 நிமிடம் செலுத்துகிறார்கள். அது மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போனால்தான் காரியமே. ஊடுருவாதது கத்திதான், மின்சாரம் ஊடுருவத்தான் செய்கிறது. இதோடு, மண்டையோட்டின் வழியாக என்று பொருள்படும் 'கபால ஊடு' என்பதையும் ஒட்டினால் 'ஊடுருவா கபால ஊடு மின்தூண்டல்' என்றாகும். உள்ளே போகிறதா, இல்லையா என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது?

எவ்வளவு போகிறது என்பது வேறு கதை. பெரும்பகுதி தலைத்தோலோடு தோலாக ஓடி அடுத்த முனைக்குப் போய்விடும். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் கணக்குதான். வந்து சேரும் கொஞ்சமும் சும்மா கிடக்கும் நரம்பணுவைத் துடிக்கவைக்கப் போதாது. ஏற்கெனவே துடிப்பது இன்னும் சுலபமாகத் துடிக்கும், அல்லது கொஞ்சம் அடங்கும்.

அதனால்தான் 'தூண்டல்' வேண்டாம், 'தூண்டுதல்' என்கிறேன். பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் என்றால் ஃபாரடே சொன்னது, காந்தப்புலம் மாறும்போது மின்சாரம் பிறப்பது. காந்தச் சுருளைத் தலைமேல் பிடிக்கும் இன்னொரு முறை உண்டே, அது நிஜமாகவே அந்தத் தூண்டலால் வேலை செய்வது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மாணவர் பாடு திண்டாட்டம். வேர் ஒன்றுதானே என்பீர்கள். இருக்கட்டும், வழக்கில் பிரிந்தால் போதும். எங்கள் வீட்டு நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பித்தளைக் குச்சி எப்போதும் கிடக்கும். எரிகிற திரியை மேலே தள்ளித் தூண்டிவிட அதுதான். அணைந்த விளக்கை அது ஏற்றாது. மின்முனையின் வேலையும் கிட்டத்தட்ட அவ்வளவே.

நம் குழுவில் தஞ்சாவூர் அம்மா ஒருவர் சொன்ன 'மென்மின் சிகிச்சை' காதுக்கு இனிமை. ஆனால் 'மென்' என்றால் ஒன்றும் ஆகாது, 'சிகிச்சை' என்றால் குணமாகும் என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுக்கிறது. 2016-இல் 33,000-க்கும் மேற்பட்ட அமர்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான அளவுகளில் கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. அது நல்ல செய்திதான். அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவப்பது, தலைவலி உண்டு. பஞ்சு காய்ந்துவிட்டால் தோல் பொத்துப்போகவும் கூடும். 9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துபார்க்கிறவர்களுக்கு அந்த 33,000 பொருந்தாது. பலன் விஷயத்திலோ இன்னும் இழுபறி. மனச்சோர்வுக்கான மருந்தோடு இதையும் சேர்த்து ஜெர்மனியில் நடத்திய ஆய்வு 2023-இல் வந்தது. ஒப்பிடுவதற்காக, மின்சாரம் விடுவதுபோல் பொய்யாகக் கொடுத்ததைவிட இது மேலாக இல்லை. வீட்டில் வைத்தே, ஆனால் மேற்பார்வையோடு, 10 வாரம் நடத்திய ஆய்வு 2024-இல் வந்தது. அதில் பலன் தெரிந்தது. இப்படி இருக்கும்போது பெயரிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது.

'மின்' என்றாலே பயம், எடுத்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பயம் உண்மைதான். வராந்தாவில் ஒரு பாட்டி, "கரண்டு வெக்கப் போறீங்களா தம்பி?" என்று என்னையே கேட்டுவிட்டார். அவர் நினைத்தது மின்அதிர்ச்சி சிகிச்சையை. அதில் ஏறத்தாழ 800 மில்லி ஆம்பியர் செலுத்தி வலிப்பையே வரவழைப்பார்கள். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்யக் கூடாதென்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. இது வேறு, அது வேறு என்று பாட்டிக்குச் சொல்லத்தான் வேண்டும். அதற்காகக் கையெழுத்துத் தாளில் மின்சாரத்தை ஒளித்துவைக்க முடியுமா?

சரி, என் முன்மொழிவு. பொதுப்பெயர் 'கீறா மூளை மின்தூண்டுதல்'. கத்தி வைக்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. உள்வகைகளுக்கு 'வாய்வழி' போலக் 'கபாலவழி': கபாலவழி நேர்திசை மின்தூண்டுதல், கபாலவழி மாறுதிசை மின்தூண்டுதல். வெறும் 'நேர்மின்' வேண்டாம், நேர்மின்முனையோடு குழம்பும்.

அப்புறம் ஒன்று. ஒப்பிடுவதற்காக அரை நிமிடம் மட்டும் மின்னோட்டம் விட்டு, குறுகுறுப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்? 'போலித் தூண்டுதல்' என்றால் போலி டாக்டர் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் இதற்குத் 'தண்ணி காட்டுறது' என்று கச்சிதமாகச் சொல்லுவோம், ஆனால் தாளில் எழுத முடியாது. 'பாவனைத் தூண்டுதல்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.