மணம் மாறிப்போன அம்மாவுக்குக் காரமும் தைலமும் மட்டும் எப்படித் தெரிகின்றன?

உப்பனாற்றங்கரை (கேள்வி):

எங்கள் அம்மா கடலூர் முதுநகரில் பல ஆண்டுகளாக மீன் விற்றுவருகிறார். 2021இல் கொரோனா வந்தபோது அவருக்கு மணமே தெரியாமல் போயிற்று. சில மாதங்கள் கழித்து மணம் திரும்பியது என்று மகிழ்ந்திருந்த வேளையில், காபியிலும் வதக்கிய வெங்காயத்திலும் அழுகல் வாடை வீசுவதாகச் சொல்லத் தொடங்கினார். அந்தத் தொல்லை இன்னும் முழுதாக நீங்கவில்லை. ஆனால் மிளகாயின் காரமும் நீலகிரித் தைலத்தின் குளிர்ச்சியும் முன்போலவே தெரிகின்றன. வீட்டில் சிலர் இதை மனப்பிரமை என்கிறார்கள். பழுது மூக்கிலா, மூளையிலா?

முத்தியால்பேட்டை ஆசிரியை:

வணக்கம். பிரமையாக இருந்தால், அது காபியையும் வெங்காயத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பானேன்? இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேன் பார்க்கரும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், காபியின் மணத்தைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து, இதே தொல்லை உள்ளவர்களை முகரச் செய்தார்கள். வறுத்த காபிக்கே உரிய மணத்தைத் தரும் ஒரு கந்தகச் சேர்மம்தான் அவர்களில் பலருக்கு அருவருப்பை உண்டாக்கியது.

மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள், அதாவது மணச் சேர்மங்களை உணரும் புரதங்கள், இருக்கின்றன. (இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.) காபிக்கென்று தனி ஏற்பி எதுவும் இல்லை, பல ஏற்பிகள் வெவ்வேறு அளவில் தூண்டப்படும்போது உருவாகும் கோலத்தைத்தான் மூளை காபி என்று அறிகிறது. கொரோனா வைரஸ் பெரும்பாலும் மண நரம்பணுக்களைத் தாக்காமல், அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே தாக்குகிறது என்று 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணை குலைந்தால் நரம்பணுக்களும் தளர்கின்றன. அவை மீண்டும் முளைக்கக் கூடியவைதாம். ஆனால் எல்லா வகைகளும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. பாதிப் புள்ளிகள் அழிந்த கோலத்தை மூளை வேறொன்றாகப் படிக்கிறது என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

வில்லியனூர் வாசகர்:

ஆசிரியை அவர்கள் காரத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். காரம் மணமும் அன்று, சுவையும் அன்று. அது வலியோடும் சூட்டோடும் சேர்ந்தது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற சேர்மத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்து 1997இல் வெளியிட்ட டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தைலத்தின் குளிர்ச்சிக்கும் அதைப் போன்ற வேறொரு ஏற்பி உண்டு. இவ்விரு உணர்வுகளையும் முகத்திலிருந்து மூளைக்குக் கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு. மண நரம்பு கெட்டாலும் அதற்குக் கேடில்லை.

உப்பனாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. மணப்பயிற்சி என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், அது பயன்படுமா?

முத்தியால்பேட்டை ஆசிரியை:

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள் கவனத்தோடு முகர வேண்டும். எல்லோருக்கும் பலன் தருவதில்லை என்றாலும் தீங்கு அரிது. வில்லியனூர் ஐயா சொன்னதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்: தைலத்தை முகர்ந்துவிட்டு அம்மா "தெரிகிறது" என்றால், அது வெறும் குளிர்ச்சியாகவே இருக்கலாம். ரோஜா முக்கிளை நரம்பை அநேகமாகத் தூண்டுவதில்லை என்பதால், அது தெரிகிறதா என்று கேட்பதே சரியான சோதனை. இத்தனை காலம் நீடிப்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை பார்ப்பதும் நல்லது.

மீன் கெட்டதை அம்மா செவுளைப் பார்த்தே சொல்லிவிடுவார், அதில் எனக்குக் கவலையில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகவே கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலக்கிறார்கள். அந்த வாடை அம்மாவுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று உறுதியாகும்வரை, இரவில் சிலிண்டரை மூடும் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.