"கலியாணம் கட்டிட்டீங்கள்தானே மிஸ், இனி கெத் லெப் வேண்டாம்": உங்களுக்கும் நடந்ததா?

வெள்ளவத்தை ரேடியோகிராபர்:
கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எக்ஸ்ரே கதிரை ஓடவிட்டு இருதயக் குழாய்களைப் பார்க்கும் அஞ்சியோகிராம் செய்யும் கெத் லெப்பில் ஐந்து வருசம் நின்றவள். அங்கே கதிருக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கலியாண லீவு முடிந்து வந்த அன்றைக்கே டியூட்டி லிஸ்டில் என் பெயர் சாதாரண எக்ஸ்ரே அறைக்கு மாறியிருந்தது. பொறுப்பாளர் சேரிடம் கேட்டேன். "கலியாணம் கட்டிட்டீங்கள்தானே மிஸ், உங்கட நல்லதுக்குத்தான்" என்றார். நான் கர்ப்பமா என்று கேட்கவில்லை. கர்ப்பமும் இல்லை.

எனக்குப் படும் கதிரை அளக்கும் டோஸ் பட்ஜ் ரிப்போட் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த வருசமும் 1 மில்லிசீவர்ட்டை (கதிர் அளவின் அலகு) தாண்டவில்லை. இந்த வேலை செய்பவர்களுக்குச் சர்வதேச எல்லை, ஐந்து வருசச் சராசரியில் வருசத்துக்கு 20. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மண்ணிலும் காற்றிலும் விண்ணிலும் இருந்து ஒரு மனிதருக்குக் கிடைப்பதே உலகச் சராசரியில் வருசத்துக்கு 2க்கும் மேல். இதையெல்லாம் சேருக்கும் தெரியும், எனக்குப் படிப்பித்ததே அவர்தான்.

ஓன்கோல் அலவன்ஸ் போனது. அதைவிட, அந்த வருசப் பயிற்சிக்கு என்னிடம் வேலை பழகிய தம்பியை அனுப்பினார்கள். அதுதான் இன்னும் மனதுக்குள் நிற்கிறது.

மருதானை அக்கா:
தங்கச்சி, நான் அணு மருத்துவப் பிரிவில இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு முன்னம் இருந்த ஒரு அக்கா, பிள்ளைத்தாச்சி எண்டு சொன்ன மற்றக் கிழமையே ஸ்டோருக்குப் போனவ. பிள்ளை பிறந்து வந்த பிறகும் அவவைத் திருப்பி எடுக்கேல்ல. அதைப் பார்த்த நான் என்ர முறை வந்தபோது வாயே திறக்கேல்ல. நாலரை மாதம்.

தைரொயிட் வருத்தக்காரருக்குக் கதிர் வீசுற அயடீன்-131 குடுக்கிற இடம் அது. பத்துப் பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு வயித்தில இருக்கிற பிள்ளையின்ர தைரொயிட்டும் அயடீனை இழுக்கத் தொடங்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே நிண்டனான். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவன். மகள் சுகமாய் இருக்கிறாள், இப்ப 19 வயசு. அந்த நாலரை மாதத்தை அவளுக்கும் சொன்னதில்லை, என்ர மனுசனுக்கும் சொன்னதில்லை.

கர்ப்பம் எண்டு அறிவிச்ச பிறகு மிச்சக் காலம் முழுக்கப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகாமல் பாக்க வேணும் எண்டது விதி. நல்ல விதி. ஆனா தாய் வாய் திறந்தால்தான் அது வேலை செய்யும். சொன்னால் வேலை போகும் எண்டால் ஆர் சொல்லுவா?

வத்தளை:
நான் ஆண். எங்கள் இடத்திலும் இப்படித்தான், பெண்களை எடுத்துவிட்டு எக்ஸ்ரேயைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்க்கும் முழு ஃபுளோரோஸ்கோப்பி வேலையையும் எங்கள் மூன்று பேர் தலையில் கட்டினார்கள். அப்போது நானும் மனைவியும் பிள்ளைக்காக டொக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விதைப்பையும் கதிர் பாதிக்கும் உறுப்புத்தானே! ஒரே அளவு கதிரில் பெண்களுக்குப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூட என்பது உண்மை. அதைக் காரணம் காட்டி முன்பு நாசா விண்வெளி வீராங்கனைகளுக்குக் குறைந்த எல்லை வைத்திருந்தது. இப்போது வயது, பால் பாராமல் எல்லோருக்கும் வாழ்நாள் பணிக்கு 600 மில்லிசீவர்ட். எல்லோருக்கும் குறைக்க முடியுமென்றால் எல்லோருக்கும் குறைப்பதுதான் முறை.

கொட்டாஞ்சேனை:
சட்டம் படித்தவள், உங்கள் துறை அல்ல. 1982இல் அமெரிக்காவில் ஜோன்சன் கொன்ட்ரோல்ஸ் என்ற பற்றரிக் கம்பனி, பிள்ளை பெற முடியாது என்று மருத்துவச் சான்று தராத பெண்கள் யாரும் ஈயம் படும் வேலையில் நிற்கக்கூடாது என்றது. வேலையைக் காப்பாற்றக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணும் அந்த வழக்கில் இருந்தார். 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பால் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. இங்கே இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் போகும் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் மருத்துவமனையில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதவு நேரே திறக்காது. எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளவத்தை ரேடியோகிராபர்:
அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நன்றி.

எழுத்தில்தான் கேட்டேன். சர்வதேச அணுசக்தி முகவரகம் 2014இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்புத் தரங்களில் 3.114ஆம் பந்தி இருக்கிறது. ஒரு பெண் தான் கர்ப்பமாக இருக்கலாம் என்றோ பாலூட்டுகிறேன் என்றோ அறிவித்தால், அதை அவரை வேலையிலிருந்து விலக்கக் காரணமாகக் கொள்ளக்கூடாது என்கிறது. அறிவித்தவரையே விலக்கக்கூடாது என்றால், தாலி கட்டியதற்காக விலக்குவது எந்தக் கணக்கு? அந்தப் பந்தியையும் என் ஐந்து வருச ரிப்போட்டையும் இணைத்து, கர்ப்பமானால் நானே முதல் ஆளாகச் சொல்லுவேன், அப்போது என் வேலை இருக்கும் என்று எனக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து டியூட்டி லிஸ்டில் பெயர் திரும்பி வந்தது. எழுதித் தரவில்லை. பயிற்சியும் வரவில்லை, மீண்டும் கேட்கப் போகிறேன். முதல் நாள் போனால் கதிரைத் தடுக்கப் போடும் லெட் (ஈய) ஏப்ரன், என் அளவு, கொக்கியில் இல்லை. ஸ்டோரில் நாலாய் மடித்து வைத்திருந்தார்கள். மடித்தால் உள்ளே ஈயத்தில் வெடிப்பு விழும், அதனால் ஃபுளோரோவில் போட்டுப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு கீறல், சரியாக வயிற்றுப் பக்கம். புது ஏப்ரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.