சுட்ட பானை ராத்திரியில் தானாக வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

கோத்தகிரி பக்கம், திறந்த சூளை. சுடும்போது எதுவும் ஆவதில்லை. எடுத்து 3, 4 நாள் கழித்து, பனி இறங்கும் ராத்திரியில் ‘டிக்’கென்று சில்லு தெறிக்கிறது. கடைசி 2 சூளையில் 40 பானைக்கு 13 போச்சு. கண்ணேறு என்று ஊர்ப் பெரியவர்கள் எலுமிச்சையும் கரியும் கட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் பொடி. சுண்ணாம்புக்கல்தான்: தீயில் வெந்தது, பிறகு ஈரம் குடித்து ஊதுகிறது. களிமண்ணில் வினிகர் விட்டால் நுரைக்கவில்லை, அதில் கலக்க மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்த மணலில் நுரைக்கிறது.

மணலை இன்னும் பொடிசாகச் சலித்தேன், குறைந்தது, நிற்கவில்லை. சூடு ஆறுமுன் தண்ணீரில் முக்கினேன். சின்னச் சட்டிகள் தப்பின, பெரிய பானைகள் அடியில் விரிசல் விட்டன.

மணலுக்குப் பதில் பழைய பானை ஓடுகளை இடித்துக் கலப்பவர்கள், 4 கூடைக் களிமண்ணுக்கு எவ்வளவு போடுகிறீர்கள்?